வலப்பக்கம் நான்காவது ஜன்னல்

ஜூன் 4

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொண்டு படி. ‘ழ’ இன்னும் என் பேச்சைக் கேட்பதில்லை. போன வருஷம்வரை கைநாட்டு. இப்போது பார், முழுக் கடிதம்!

நீ உருவாக்கி அனுப்பிய விளையாட்டைச் சலூன்காரரும் தையல்காரரும் நானும் விளையாடினோம். விதிகளை நானே எழுத்துக்கூட்டி வாசித்தேன். இருநூறு வருஷம் கழித்து, வேறொரு கிரகத்தில், கண்ணாடிக் கூரைக்குக் கீழே ஓர் ஊர். அங்கே கொள்ளைநோய். ஆளுக்கொரு வேஷம், எனக்கு மருத்துவர். “கையெழுத்தப் பாத்தாலே தெரியுதே, அசல் டாக்டரேதான்!” என்று சலூன்காரர் ஒரே கிண்டல்.

நோய் நிஜம்போல் இருக்கிறதா என்று கேட்டிருந்தாய். இல்லையம்மா. பகடையை உருட்டினால் காய்ச்சல், மறுபடி உருட்டினால் எழுந்து நடக்கிறார்கள். காத்திருப்பதே இல்லை. நீ அந்தத் தொற்றுநோய் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது யாரையும் உள்ளே விடவில்லை. மூன்றாம் மாடி, வலப்பக்கம் நான்காவது ஜன்னல் என்று நர்ஸ் போனில் சொன்னார். தினமும் சாலையில் நின்று கையாட்டுவேன். முகக்கவசத்தோடு நீயும் ஆட்டுவாய். அதையும் விளையாட்டில் சேர்.

நீ இங்கே வந்து எத்தனை வருஷமாயிற்று? சண்டை இல்லை, சும்மா கேட்டேன்.

அப்பா


ஜூன் 19

அன்புள்ள அப்பாவுக்கு,

‘ழ’ அழகாகத்தான் இருக்கிறது. திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

நீங்கள் சொன்னதைச் சேர்த்துவிட்டேன். வெளியே இருப்பவர் ஒரு சுற்றுக்கு ஒரு ஜன்னலைப் பார்த்துக் கையாட்டலாம். “இதனால என்ன லாபம்? நோய் குறையுதா?” என்று கூட வேலை செய்கிறவர்கள் கேட்கிறார்கள். ஒன்றும் குறையாது என்றேன். அப்படியானால் எடுத்துவிடு என்கிறார்கள். அடுத்த மாதம் அச்சுக்குப் போகிறது.

அதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். போனில் சொல்ல வராது. அந்த ஜன்னல் என்னுடையது இல்லை அப்பா. நர்ஸ் உள்ளே நின்று சொன்ன வலப்பக்கம், சாலையில் நிற்கும் உங்களுக்கு இடப்பக்கம். நான் எட்டிப் பார்த்தால் நீங்கள் தெரிவீர்கள்; உங்கள் முகம் மட்டும் அந்தக் கோடி ஜன்னலைப் பார்த்திருக்கும். கண்ணாடியைத் தட்டினேன், உங்களுக்குக் கேட்கவில்லை. உங்களிடம் சொல்லச் சொல்லி நர்ஸைக் கேட்டேன். “அந்த ஜன்னல்ல இருக்கிற அம்மாவுக்கு யாருமே வர்றதில்லம்மா. இன்னிக்குக் காலையிலயே தலை சீவிட்டு உக்காந்திருக்காங்க” என்றார். அதற்குப் பிறகு, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அந்த அம்மா வீடு திரும்பவில்லை.

ஆனால் கோபமும் இருந்தது. உங்கள்மேல்தான். ஒரு தடவையாவது இந்தப் பக்கம் திரும்பக் கூடாதா என்று. நியாயமில்லை, தெரியும். தெரிந்தும் இத்தனை வருஷம் தள்ளியே இருந்துவிட்டேன்.

அந்த விதி இருக்கட்டுமா, எடுத்துவிடட்டுமா?

உங்கள் மகள்


ஜூலை 1

அன்பு மகளே,

“குடுங்க, நான் படிச்சுச் சொல்றேன்” என்றார் தையல்காரர். கொடுக்கவில்லை. நானே வாசித்தேன். முடிக்கும்போது இருட்டிவிட்டது, எழுந்துபோய் விளக்குப் போடத் தோன்றவில்லை.

அந்த அம்மா ஒருநாள் இரண்டு கைகளையும் ஆட்டினார். “எம் பொண்ணு தேறிட்டா!” என்று சாலையில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். அவருக்குக் கையாட்டியதில் எனக்கு வருத்தம் இல்லை. உனக்கு யாரம்மா ஆட்டினார்கள்?

விதியை எடுக்காதே. ஒன்றை மட்டும் திருத்து. ஒரு ஜன்னல்தான் என்று சொல்லாதே. வெளியே நிற்கிறவன் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை எல்லா ஜன்னலுக்கும் கையாட்டட்டும். கையா வலிக்கப்போகிறது? எனக்குத்தான் அன்றைக்குத் தோன்றவில்லை.

வா என்று அவசரப்படுத்த மாட்டேன். உன் கோபம் தீர எத்தனை நாள் ஆகுமோ, ஆகட்டும். நான் இங்கேதான் இருக்கிறேன். உறைமேல் விலாசத்தையும் நானே எழுதி, தபால்காரரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொண்டேன். இது உனக்கே வந்து சேரும். அடுத்த வாரம் எழுதப்போவதும் உனக்கேதான்.

அப்பா