ஒரே வட்டிலில் சோறு

தொண்டாமுத்தூர்
19.8.2024

அன்புள்ள மோகனப்பிரியாவுக்கு,

சுரேந்தர் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். நீ குரங்கு ஆராய்ச்சி செய்யும் காட்டில் போன் எடுக்காது என்பதால், வாரம் ஒருமுறை சத்தியமங்கலத்திலிருந்து வரும் உங்கள் ஜீப்பை நம்பி இதை அனுப்புகிறேன். கடிதம் எழுதிப் பழக்கமில்லை. தப்பிருந்தால் சிரிக்காதே.

போன வாரம் யானை வந்து கிழக்குத் தோப்பில் தென்னங்கன்றுகளைச் சாய்த்துவிட்டுப் போனது. அப்பா அதற்குக்கூட வருத்தப்படவில்லை, அவ்வளவு சந்தோஷத்தில் இருக்கிறார். நேற்று உங்க அப்பாவும் அம்மாவும் சூரத்திலிருந்து வந்திருந்தார்கள். நம் கல்யாணத்தைத் தை மாதத்தில் வைப்பது என்று பேசி முடித்துவிட்டார்கள். "அண்ணன் மவ எனக்கு மருமவதானுங்க. இந்த ஊட்டுல வளர்ந்தவ, இந்த ஊட்டுலயே இருந்துக்கட்டும்" என்று அம்மா சொன்னபோது எல்லோருக்கும் கண் கலங்கிவிட்டது.

உனக்குச் சம்மதம் என்று மாமா சொன்னார். அப்படியானால் எனக்கும் சம்மதம்தான். உன் மனம் நோகும்படி நான் எதுவும் செய்ய மாட்டேன். 'புள்ளை' என்று எழுதத்தான் கை போனது. இனி அப்படிக் கூப்பிடலாமா என்று தெரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
சுரேந்தர்

சத்தியமங்கலம் காடு
28.8.2024

சுரேந்தரா,

உன் கடிதம் கிடைத்தது. யாரோ அயலான் எழுதியது போல இருந்தது.

அப்பாவிடம் சம்மதம் என்று சொன்னது உண்மை. உனக்கு ரொம்ப ஆசை, நான் மறுத்தால் உடைந்துபோவாய் என்றார். அதனால் சொன்னேன். உனக்கும் இதே கதையைத்தான் சொல்லியிருக்கிறார்கள் போல.

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆற்றங்கரைப் பாறையில் உட்கார்ந்து உன்னைக் கணவனாக நினைத்துப் பார்த்தேன். மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு என் பங்கு முட்டையைத் திருடித் தின்றவன்தான் கண் முன்னால் வந்து நிற்கிறான். உடம்பே கூசிப்போனது. பாசம் இல்லாமல் இல்லை. உனக்கு ஒன்று என்றால் என் உயிர் போய்விடும். ஆனால் அது வேறு, இது வேறு.

இந்தக் கூச்சம் நம் தப்பில்லை, சுரேந்தரா. நான் பின்னால் சுற்றும் குரங்குகளில், பருவம் வந்த ஆண்கள் பலவும் பிறந்த கூட்டத்தை விட்டு வேறு கூட்டம் தேடிப் போய்விடுகின்றன. நம் ஆட்கள் ஒரே கூட்டத்துக்குள், அதாவது ஒரே குலத்துக்குள், பெண் எடுப்பதில்லையே, கிட்டத்தட்ட அப்படித்தான். நெருங்கிய ரத்தம் சேர்ந்தால், இரண்டு பக்கமும் ஒளிந்திருக்கும் ஒரே குறை பிள்ளையிடம் வந்து வெளிப்பட்டுவிடலாம். அதைத் தவிர்த்தவற்றின் குட்டிகள் அதிகம் பிழைத்தன, அவற்றோடு தவிர்க்கும் குணமும் பிழைத்து வந்தது. நமக்குள்ளும் அது இருக்கிறது.

ஆனால் உடன்பிறந்தது யார் என்று மூளைக்கு யார் சொல்வது? அதற்கு மரபணுவைப் படிக்கத் தெரியாது, முறையும் தெரியாது. சின்ன வயதில் யாரோடு உண்டு உறங்கினோமோ அவர்களை உடன்பிறப்பாக எடுத்துக்கொள்கிறது. தைவானில் முன்பெல்லாம் பெண் குழந்தையை வருங்காலக் கணவன் வீட்டிலேயே வளர்க்கக் கொடுப்பார்களாம். அப்படிச் சேர்ந்து வளர்ந்த ஜோடிகளில் மற்றவர்களைவிட அதிகம் பேர் பிரிந்தார்களாம். நான் ஒன்றரை வயதில் உங்கள் வீட்டுக்கு வந்தவள். நம்மை என்ன சொல்ல?

ஒரே ஒரு பயம்தான். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அத்தை வீடு எனக்கு இல்லாமல் போய்விடுமா? சூரத் என்பது அப்பா அம்மா கடை வைத்திருக்கும் ஊர். எனக்கு வீடு என்றால் அந்த வீடுதான்.

உனக்கு நிஜமாகவே ஆசை இருந்தால் மறைக்காமல் எழுது.

பிரியா

தொண்டாமுத்தூர்
9.9.2024

புள்ளை,

மோட்டார் ரூமில் நின்று படித்தேன். படித்து முடித்ததும் நான் போட்ட கத்தலில், தேங்காய் பறித்துக்கொண்டிருந்தவர் மரத்தில் இருந்தபடியே "ஏனுங்க, பாம்புங்களா?" என்று கேட்டார்.

எனக்கும் அதே கூச்சம்தான். என்னிடம்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். அன்று ராத்திரி சோறு நன்றாக இறங்கியது.

மறுநாள் காலையில் அப்பா அம்மா இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன். "கொரங்கு சொல்லுச்சுன்னு என்ற மருமவளை வேண்டாங்கறயா கண்ணு?" என்றார் அம்மா.

"நானும் உங்கம்மாளும் முறைதான்டா. நாங்க நல்லா இல்லையா?" என்றார் அப்பா.

"கல்யாணத்துக்கு முன்னால அம்மாவ எங்கீங்கப்பா பார்த்தீங்க?"

அப்பா யோசித்தார். "மாரியாத்தா நோம்பிக்கு அவுங்க ஊருக்குப் போனா பார்க்கறதுதான். என்னக் கண்டா கதவுக்குப் பின்னால ஓடிப்போயிருவா."

"அதானுங்கப்பா. நாங்க ஒருத்தருக்கொருத்தர் ஓடி ஒளிஞ்சதே இல்லீங்களே. ஒரே வட்டில்ல தின்னோம்."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவுக்கு முகம் மாறியது. "அப்ப நான் ஊட்டி வளர்த்ததுதான் குத்தமா? என்ற கையாலயே கெடுத்துப்போட்டனா?" என்று எழுந்து உள்ளே போனவர்தான். உன் பேச்சை எடுத்தால் இடத்தை விட்டுப் போய்விடுகிறார்.

தீபாவளிக்கு வா என்று எழுத ஆசை. கொஞ்சம் பொறு.

சுரேந்தர்

சத்தியமங்கலம் காடு
20.9.2024

சுரேந்தரா,

அத்தையிடம் இதை மட்டும் படித்துக் காட்டு.

அத்தை, நீங்கள் எதையும் கெடுக்கவில்லை. எனக்குக் கூடப் பிறக்காத ஒரு அண்ணனை உங்கள் கையால் உண்டாக்கிக் கொடுத்திருக்கிறீர்கள். பெற்றவர்களாலேயே அது எல்லா வீட்டிலும் முடிவதில்லை. நீங்கள் கூப்பிடும்வரை நான் வரவில்லை. ஆனால் கூப்பிடுங்கள்.

இங்கே மழை. ஒரு தாய்க் குரங்கு, தாயில்லாத ஒரு குட்டியையும் தன் குட்டியோடு சேர்த்து அணைத்துக்கொண்டு நனைந்துகொண்டிருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன்.

பிரியா

தொண்டாமுத்தூர்
12.1.2025

புள்ளை,

தீபாவளிக்கு அம்மா கூப்பிடவில்லை, நீயும் வரவில்லை. வீடு வீடாகவே இல்லை. உன் கடிதத்தை அன்றே படித்துக் காட்டினேன். வாங்கித் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார். இப்போது கேள்.

கார்த்திகையில் அந்தியூரில் பெண் பார்த்தோம். பெயர் ரித்திகா, கால்நடை மருத்துவர். அம்மா முதலில் கேட்டது என்ன கூட்டம் என்றுதான். நானோ அந்தப் பெண்ணைப் பார்த்ததும் காபியை மேலே ஊற்றிக்கொண்டேன். "சூடு பட்டுருச்சுங்களா?" என்று கேட்டு ரித்திகா சிரித்தபோதுதான், நீ எழுதிய 'அது வேறு, இது வேறு' எனக்கு விளங்கியது. தை கடைசியில் கல்யாணம்.

நேற்று சடங்குகளைப் பற்றிப் பேசச் சொந்தக்காரர்கள் கூடினார்கள். தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையோடு தங்கச்சி நிற்கிற இணைச்சீருக்கு யார் என்று பேச்சு வந்தது. எனக்குத்தான் கூடப் பிறந்தவர்கள் இல்லையே. "நம்ம ஹர்ஷிணி நிக்கட்டும்" என்று பாவாத்தாள் பெரியம்மா தன் மகளைச் சொன்னார்.

அம்மா வாயைத் திறந்தார். "வேண்டாங்கக்கா. பிரியா நிக்கட்டும்."

"முறைப்பொண்ணு எப்படிங்க இணைச்சீருக்கு நிக்கறது? ஊர் சிரிக்காதா?" என்றார் பெரியம்மா.

"சிரிச்சாச் சிரிக்கட்டுமுங்க. முறை நாம வெச்சது. இதுக ரெண்டும் அண்ணன் தங்கச்சி ஆனது என்ற கையில சோறு தின்னுதானுங்க."

சடங்கு நடத்தும் அருமைக்காரர் வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டு, "வளர்த்தவளே சொல்றா. செஞ்சுபோடலாமுங்க" என்றார். அம்மா அழுதுகொண்டே சமையல் கட்டுக்குப் போய், "அந்தப் புள்ளைக்கு எழுது கண்ணு, வரச் சொல்லு" என்றார்.

எழுதிவிட்டேன். வா.

சுரேந்தர்

சத்தியமங்கலம் பேருந்து நிலையம்
21.1.2025

அண்ணா,

இந்த வார்த்தையை முதலில் எழுதிப் பார்த்தேன். கொஞ்சமும் கூசவில்லை.

உன் கடிதத்தைக் காட்டில் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். எங்கள் பேராசிரியர் ஒரு மாதம் விடுப்பு கொடுத்துவிட்டார். கூறைப்புடவையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு உன் பக்கத்தில் நிற்கும்போது நான் கட்டாயம் அழுவேன். ரித்திகாவிடம் முன்கூட்டியே சொல்லி வை. பயந்துவிடப்போகிறாள்.

இதைத் தபாலில் போடவில்லை. கோயம்புத்தூர் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் எழுதுகிறேன், நானே உன் கையில் கொடுப்பேன். நீ படிக்கும்போது அத்தை என்னைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருப்பார். எங்களை விட்டுவிட்டு நீ போய்க் காபி போடு.

உன் தங்கை,
பிரியா