மேலே போனால் சந்தோஷப்படும் மெஷின்

இன்று மாலை எங்கள் குரோம்பேட்டை அபார்ட்மென்ட் லிஃப்டில் நின்றிருந்தேன். முதுகில் பாராகிளைடர் மூட்டை, கையில் டேப்லெட் இருந்த துணிப்பை. லிஃப்ட் கிளம்பியதும் பைக்குள்ளிருந்து பீப் பீப் என்று சத்தம். ஏலகிரியிலிருந்து காரில் சார்ஜ் போட்டபடியே வந்தவன், ஆப்பை மூட மறந்திருக்கிறேன். கூட ஏறிய மூன்றாவது மாடி அக்கா பையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து ஒன்று கேட்டார். அதைக் கடைசியில்தான் சொல்வேன். உனக்குப் பொறுமை கிடையாது என்று தெரியும். இப்போதாவது பழகிக்கொள்.

ஆபீசில் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்துவிட்டு, தலை நரைக்கிற வயதில் நாம் பறக்கக் கிளம்பியபோது உன் மனைவி என்னைத் திட்டினாள், என் மனைவி உன்னைத் திட்டினாள். வானத்தில் தொங்கும்போது நாம் ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று உடம்புக்குச் சரியாகத் தெரிவதில்லை. அதைச் சொல்ல ஒரு கருவி வேண்டும். என் மகள் ஆன்லைன் வகுப்புகளுக்குப் பிறகு தூக்கிப்போட்ட டேப்லெட்டை நீதான் பீரோவிலிருந்து எடுத்தாய். ஆப்பை ஏற்றி, காற்றழுத்தம் பார்க்கிற தீப்பெட்டி அளவு சென்சாரையும் அதோடு இணைத்தாய். ஏறினால் பீப் அடிக்கும், இறங்கினால் ஊளையிடும். ஊளையை மட்டும் முதல் நாளே அணைத்துவிட்டாய். "எறங்கறது நமக்கே தெரியும்டா. அதை வேற இது சொல்லணுமா?"

சோதித்துப் பார்க்க எங்கே போவது? ஒரு பக்கம் மீனம்பாக்கத்து ஏர்போர்ட், மறு பக்கம் தாம்பரத்து விமானப்படை. நடுவில் மாட்டிக்கொண்ட நமக்கு அனுமதி கிடைத்த ஒரே வானம் எங்கள் லிஃப்ட்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதில் ஏறி இறங்கி ஏறி இறங்கி, பால் வாங்கப் போகிறவர்களையெல்லாம் பேஜார் பண்ணினோம். அப்போது இந்த மூன்றாவது மாடி அக்காதான், "என்ன தம்பி இது, பொம்மையா?" என்று கேட்டார். நீ சிரிக்காமல் பதில் சொன்னாய்: "மேலே போனா சந்தோஷப்படற மெஷின்க்கா."

வெயிலில் திரை தெரியவில்லை என்று உன் தங்கை கல்யாணத்தில் மிஞ்சிய பத்திரிகைகளை வெட்டி, டேப்லெட்டைச் சுற்றி ஒரு பெட்டி கட்டினோம். மூலையில் மஞ்சள் தடவிய நல்ல கெட்டி அட்டை. திரை பளிச்சென்று தெரிந்தது. உள்ளே சூடு வெளியேற வழியே இல்லை என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. ஏலகிரியில் நான் நடுவானத்தில் இருந்தபோது டேப்லெட் வெந்து அணைந்துவிட்டது. நீ முன்னாலேயே இறங்கியிருந்தாய். வாக்கிடாக்கியில் நான் பதறியதற்கு நிதானமாகச் சொன்னாய்: "அணைஞ்சா அணையட்டும். மச்சான், தலைய தூக்கு. கீழே நான் நிக்கிறேன் பாரு. என்னைப் பாத்தே வந்துடு."

வந்துவிட்டேன். உன் சிவப்புக் கட்டம் போட்ட துண்டு குச்சியில் பறந்து காற்று எந்தப் பக்கம் என்று காட்டியது. அதற்குப் பக்கத்தில் நீ இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு நின்றாய். அன்றைக்கே பெட்டியின் அடிப்பக்கத்தைப் பிரித்தெறிந்துவிட்டு, மேலே ஒரு மறைப்பை மட்டும் விட்டுவைத்தாய்.

அதற்குப் பிறகு எத்தனையோ முறை பறந்தோம். ஒரு நாள் உன் கோவிலம்பாக்கத்து வீட்டில், சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது, உன் இதயம் நின்றுவிட்டது. வானத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் நான் மூட்டையைப் பரண்மேல் போட்டுவிட்டேன். பறக்கப் பயமில்லை. இறங்கத்தான் பயம், கீழே நீ இல்லாத மைதானத்தைப் பார்க்க வேண்டுமே என்று. உன் மனைவிதான் போன வாரம் அந்தத் துண்டைத் துவைத்து மடித்துக் கொடுத்தாள். என்னைத் திட்ட ஆளில்லாமல் அவளுக்கும் போரடித்ததாம்.

இன்று காலை இறங்குகிற மைதானத்தில் நானே குச்சியை நட்டுத் துண்டைக் கட்டிவிட்டு மேலே போனேன். டேப்லெட் நன்றாக வேலை செய்தது. நல்ல காற்று, வெகுநேரம் பீப் அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு மெல்ல அடங்கியது. திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு உயரம், எவ்வளவு வேகம், எல்லாம் சரியாகக் காட்டியது. அப்புறம்தான் தலையைத் தூக்கினேன். மைதானத்தில் யாரும் இல்லை. துண்டு மட்டும் பறந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தே வந்துவிட்டேன்டா. மண்ணில் கால் பட்டதும் கொஞ்சம் அழுதேன், அதைவிட அதிகமாகச் சிரித்தேன்.

லிஃப்டில் அக்கா கேட்டது இதுதான்: "அந்தத் தம்பியோட மெஷின்தானே? இன்னும் சந்தோஷமாத்தான் இருக்கா?"

"இருக்குக்கா," என்றேன்.

மூன்றாவது மாடியில் அவர் இறங்கிக்கொண்டார். நான் ஐந்துக்குப் போக வேண்டும். கதவு மூடியதும் மறுபடியும் பீப் அடித்தது. நான் அதை அணைக்கவில்லை.