அம்மனிடம் கேட்ட படிப்பு

வைகாசி, வெள்ளி இரவு. கோவில்பட்டி.

மகளுக்குச் சுற்றுச்சூழல் அறிவியலிலும் கடல் அறிவியலிலும் இடம் கிடைத்திருக்கிறது. அவளுக்குக் கடல்தான் ஆசை. முடிவெடுக்க இன்று அம்மன் கோவிலில் பூக்கட்டிப் பார்த்தோம். கல்லூரிகளைவிட அம்மனுக்கு அனுபவம் அதிகம். வெள்ளைப் பூ வந்தால் சுற்றுச்சூழல், சிவப்பு வந்தால் கடல். பொட்டலங்களைக் கட்டியது என் மனைவி. மகள் எடுத்ததில் வெள்ளை இருந்தது.

"அம்மன் சொன்னா சரிதாம்ப்பா," என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள்.

மீதிப் பொட்டலத்தைப் பிரித்தேன். அதிலும் வெள்ளை. அம்மனுக்கு நாங்கள் கொடுத்திருந்த சுதந்திரம் அவ்வளவுதான்.

மனைவியைப் பார்த்தேன். அவள் தம்பி தூத்துக்குடியில் கடலில் குளிக்கப் போய்த் திரும்பாததை வீட்டில் யாரும் பேசுவதில்லை.

"புள்ளைக்கு நல்லா நீச்சல் தெரியும்லா?" என்றேன்.

"எந்தம்பிக்கும் தெரியும்."

இப்போது வீட்டில், பக்கத்து அறையில் மகள் கரிசல் மண்ணைப் பற்றிப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை.