தலைவன் பூதத்தின் கண்

ஏனுங்க,

புளிக்குழம்பு மூடி வைத்திருக்கிறேன். நான் சங்ககிரி போகிறேன். மாலையில் என் தோழி யாழினி மேசை விளையாட்டுக்கு வருகிறாள்; அதற்குள் வந்துவிடுவேன்.

அதற்காகத்தான் மேசையில் வைத்து ஆடும் என் குட்டிப் பூதப் பொம்மைப் படைக்கு நேற்று அவசரமாகப் பெயிண்ட் அடித்தேன். கறுப்படித்து, மேடான இடங்களில் வெளிர்நிறம் தேய்த்தால் ஆட்டத்துக்கு அது போதும் என்று கண்களை வரையாமல் விட்டேன். இன்று காலை பார்த்தால், தலைவன் பூதத்துக்கு மட்டும் முனியப்பன் சாமியைப் போல உருட்டுக் கண்ணும் முறுக்கு மீசையும் வந்திருக்கின்றன.

"கண்ணாலமான பொம்பளைக்குப் பொம்மை எதுக்கு?" என்று நேற்று கேட்டீர்கள். இப்போது தூங்கும் உங்கள் நகத்தில் வெள்ளைப் பெயிண்ட். கேலி என்றுதான் நினைத்தேன். ஆனால் பிரஷைக் கழுவி, நுனியைக் கூராக்கி டம்ளரில் வைத்திருக்கிறீர்கள். கேலி செய்பவர் அவ்வளவு மெனக்கெட மாட்டார்.

சௌந்தர்யா

மறந்துவிட்டேன்: மற்ற பூதங்களுக்கு இன்னும் கண் இல்லை. பிரஷ் அதே டம்ளரில்தான் இருக்கிறது.