செம்பு பூசாத படகு

மரக்காணம் குப்பம்
10.7.2005

அன்புள்ள மாமாவுக்கு, சூர்யகலா எழுதுவது. நானும் பிள்ளையும் நலம். அங்கே வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

சுனாமிக்குப் பிறகு கொடுத்த ஃபைபர் படகைக் உப்பங்கழித் தண்ணீரிலேயே கட்டிப்போட்டிருக்கிறோம். கரையில் இழுத்து ஏற்ற ஆள் போதவில்லை. தண்ணீரிலேயே கிடப்பதால் அடியில் சிப்பி ஒட்டுகிறது. அது ஒட்டாமலிருக்கப் போன கடிதத்தில் நீங்கள் சொன்ன செம்பு பெயின்டை உங்கள் தம்பி நடராசன் வாங்கி அடித்தார். அதைப் பார்த்து ஊரே அடித்துவிட்டது. படகு நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் படகுகள் கட்டிய இடத்துச் சேற்றில் மட்டி எடுக்கக் கை விட்டால் வெறும் ஓடுதான் வருகிறது. ராசம்மாள் அக்கா, "இன்னாடி இது, கழியே செத்துப்போச்சா?" என்கிறார்.

படகு இழுக்கவாவது வாங்க மாமா. எப்போது வருவீர்கள்?

உங்கள் சூர்யகலா

படகுப் பட்டறை, மஸ்கட்
2.8.2005

அன்பு சூர்யாவுக்கு,

உன் கடிதம் சட்டைப் பையிலேயே இருக்கிறது. நல்லதென்று நினைத்துத்தான் அந்தப் பெயின்டைச் சொன்னேன். இனி வேண்டாம். இங்கே எங்கள் பட்டறையிலும் நிறுத்திவிட்டார்கள். அதிலுள்ள செம்பு தண்ணீரில் கரைந்து, சேற்றில் தங்கி, மட்டிக் குஞ்சுகளைக் கொல்கிறதாம். பழைய பெயின்டைச் சுரண்டும்போதுகூடத் தார்ப்பாய் விரித்து, தூள் கடலில் விழாமல் அள்ளுகிறோம். படகு தினமும் மணலில் ஏறிக் காய்ந்தால் சிப்பி ஒட்டாது, பெயின்டே தேவையில்லை.

சுரண்டும் வேலை நிறைய இருப்பதால் இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறார் சூப்பர்வைசர். என்ன சொல்லட்டும்? பிள்ளைக்கு என் முகம் ஞாபகம் இருக்கிறதா?

வேல்முருகன்

மரக்காணம் குப்பம்
18.9.2005

மாமாவுக்கு,

நீங்கள் எழுதியதை ஊர்க்கூட்டத்தில் சொன்னேன். "தினம் யாரு இழுக்கிறது? உன் புருசனா வர்றான்?" என்று ஒருவர் சிரித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ராசம்மாள் அக்கா எழுந்து, "நாங்க இழுக்கிறோம்பா. மட்டி எங்க சோறு" என்றார்.

மறுநாள் மட்டி எடுக்கிற பெண்கள் எல்லாரும் கயிற்றைப் பிடித்தோம். முதலில் நம் படகு. உள்ளங்கைத் தோல் உரிந்துபோனது. நடராசன் ஓடிவந்து, "விடுங்க அண்ணி" என்றார். நான் விடவில்லை. பிறகு அவரும் தோள் கொடுத்தார். இப்போது பாதிப் படகுகள் மணலில் இருக்கின்றன. பெயின்டைத் தார்ப்பாய் விரித்துத்தான் சுரண்டினோம். மட்டி இன்னும் வரவில்லை. வரும் என்கிறார் அக்கா.

படகு இழுக்க இனி நீங்கள் வரவேண்டியதில்லை மாமா. இங்கே உங்களுக்கு ஒரு வேலையும் பாக்கி இல்லை. பொழுது சாய்ந்தால் சும்மா பக்கத்தில் உட்காரத்தான் ஆள் இல்லை.

சூர்யகலா

மஸ்கட்
6.10.2005

சூர்யா,

கார்த்திகைக்கு வந்துவிடுவேன். இரண்டு வருடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். "ஊர்ல அப்படி என்னப்பா வேலை?" என்று கேட்டார் சூப்பர்வைசர்.

"ஒரு வேலையும் இல்லை சார். அதான் போறேன்" என்றேன்.

உன் வேல்முருகன்