கொத்தனார் பத்தியில் என் பெயர்

2025 ஆகஸ்ட் 18, திங்கள்

பள்ளிக்கூட வேலையில் அஸ்திவாரம் முடிந்து இன்று பேஸ்மட்டச் சுவர் தொடங்கியது. பல்லடம் ரோட்டில் இரண்டு வகுப்பறை, அரசாங்க வேலை. வாசலிலேயே கூலிப் பலகை வைத்திருக்கிறார்கள். கொத்தனாருக்கு இவ்வளவு, சித்தாளுக்கு இவ்வளவு, இதற்குக் குறையக் கூடாது என்று. தனியார் வேலையில் எவன் இப்படி எழுதி வைப்பான்? கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் நடுவே நாளுக்கு முந்நூற்றைம்பது ரூபாய் வித்தியாசம்.

பனியன் கம்பெனி செக்கிங் டேபிளை விட்டு இந்த வேலைக்கு வந்து ஆறு வருஷம். மூன்று வருஷம் கலவைச் சட்டி சுமந்தேன். அடுத்த மூன்று வருஷமாகக் கரண்டி பிடித்துச் சுவர் கட்டுகிறேன். கூலி மட்டும் இன்னும் சட்டி சுமந்த கூலிதான். பலகையைப் பார்த்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மேஸ்திரி வேலுமணியிடம் கேட்டேவிட்டேன். கொத்தனார் என்று என் பெயரை எழுதுங்கள் என்றேன். பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, "ஏனுங்க ராணிக்கா, பொம்பளைங்களைக் கொத்தனார்னு எங்கீங்க எழுதியிருக்குது? நோட்டுல எடமே இல்லீங்க" என்றார்.

வருகை நோட்டைக் காட்டவும் செய்தார். கோடு போடும்போதே இரண்டு பத்தி. கொத்தனார் பத்தியில் ஆண்கள், சித்தாள் பத்தியில் பெண்கள். மரியாதைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. அத்தனை 'ங்க' போட்டுத்தான் மனிதர் கூலியைக் குறைக்கிறார்.

ஆகஸ்ட் 20, புதன்

பெரிய கொத்தனார் ஞானசம்பந்தம் அண்ணன், தன் மகள் வளைகாப்புக்காகக் குண்டடம் போகிறார். மூன்று நாள் லீவு. போகும்போது, "கெழக்கு மூலைய நீயே எடுத்துரு கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனார். மூலை எடுப்பது லேசான காரியமா? மூலை சாய்ந்தால் சுவரே சாயும். நடுவில் கல் வைக்க யாரையும் விடுவார்கள், மூலையை விட மாட்டார்கள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மூலையில் ஒன்பது வரி கல் ஏறிவிட்டது. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன், நூல் பிசகவில்லை. மறுபடியும் இரண்டு தடவை பார்த்தேன் – சந்தேகத்தால் இல்லை, ஆசையால்.

ஆகஸ்ட் 23, சனி

சம்பள நாள். அதே சித்தாள் கூலி.

ஆத்திரம் ஆத்திரமா வருது. மூலை எடுத்தவளுக்குச் சட்டிக் கூலியா? நல்லாயிருக்கே நியாயம்! ரொம்பப் பேசினா திங்கக்கிழமை ஆள் வேண்டாம்னு சொல்லிருவாரு. பேசாம இருந்தா இன்னும் மூணு வருஷம் இப்படியே போயிரும். என்னதான் பண்ண?

என் வீட்டுக்காரர் சகாயராஜ், பனியன் கம்பெனியில் அயர்ன் டேபிளில் நின்று களைத்து வந்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே டீ போட்டார். "வேற எடத்துக்கு வேணா போயிருதியா ராணி?" என்றார். "நான் எதுக்குப் போகணும்? சுவரு நான் கட்டுனதுல்லா!" என்று அவர் மேல் பாய்ந்தேன். பாவம், டீ போட்டுக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை முழுசாக எழுத வேண்டும்.

வேலையைப் பார்வையிடுகிற அரசாங்க இன்ஜினியர் யாழினி சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். ஜீப்பைப் பார்த்ததுமே மேஸ்திரி என்னிடம் ஓடிவந்து, "கரண்டியைக் கீழ வெச்சுப்போட்டு சட்டியத் தூக்குங்க ராணிக்கா" என்றார். தூக்கினேன்.

இன்ஜினியர் நேராகக் கிழக்கு மூலைக்குப் போய்க் குண்டு விட்டுப் பார்த்தார். "நல்லா வந்திருக்குதுங்களே. யாரு எடுத்ததுங்க?"

"நம்ம ஞானசம்பந்தமுங்க" என்றார் மேஸ்திரி, வாய் கூசாமல்.

அந்த அம்மா நோட்டைப் புரட்டினார். போனில் ஒரு படத்தைக் காட்டினார். "பத்தொம்பதாந் தேதி சாயங்காலம் எடுத்த போட்டோவுங்க. மூலையில ஒரு கல்லு இல்லை. இருபதுல இருந்து மூணு நாளு அவருக்கு லீவுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்பறம் எப்படீங்க?"

மேஸ்திரி வானத்தைப் பார்த்தார். ஞானசம்பந்தம் அண்ணன்தான் வாயைத் திறந்தார். "நான் குண்டடத்துல வளைகாப்புச் சோறு தின்னுக்கிட்டு இருந்தனுங்க. இது ராணி எடுத்த மூலைங்க."

எல்லார் கண்ணும் தலையில் சட்டியோடு நின்ற என் மேல். ஒரு வரி வைத்துக் காட்டச் சொன்னார் இன்ஜினியர். சட்டியை இறக்கிவிட்டுக் கரண்டியை எடுத்தேன். மூன்றாவது கல்லில் எல்லாரையும் மறந்துவிட்டேன். முடித்ததும் இன்ஜினியர் மேஸ்திரியிடம் அமைதியாக, "பில்லு பாஸாகோணுமுங்களா? வேலை என்னவோ அதையே எழுதுங்க" என்றார்.

மேஸ்திரி அங்கேயே என் பெயரை அடித்து, கொத்தனார் பத்தியில் எழுதினார். எழுத்து கோணல். எனக்கு அழகாகத்தான் தெரிந்தது.

ஆகஸ்ட் 30, சனி

கொத்தனார் கூலி! போன வாரத்து மீதியும் சேர்த்து. வரும் வழியில் அரைக் கிலோ மைசூர்பாகு.

செப்டம்பர் 4, வியாழன்

முதல் வகுப்பறைக்குக் கதவு நிலை வைத்தோம். நிலை வைக்கிற அன்று கொத்தனார்களுக்கு வேட்டி துண்டும், சித்தாள்களுக்கு ரவிக்கைத் துணியும் தட்டில் வைத்துக் கொடுப்பது வழக்கம். பூஜை முடிந்ததும் மேஸ்திரி நோட்டைப் பார்த்து வரிசையாகக் கூப்பிட்டார். ஞானசம்பந்தம் அண்ணனுக்கு அடுத்தது நான். தட்டை வாங்கிப் பார்த்தால் எட்டு முழ வேட்டி, துண்டு!

மேஸ்திரி நாக்கைக் கடித்துக்கொண்டார். "அய்யோ ராணிக்கா, நோட்டுல கொத்தனாரை எண்ணிக் கடையில சொல்லிப்போட்டனுங்க. குடுங்க, சேலையா மாத்திக் கொண்டாறேன்."

"மாத்தவெல்லாம் வேண்டாம் மேஸ்திரி. கொத்தனாருக்கு வேட்டி துண்டுதான?" என்று தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சித்தாள்கள் சிரித்த சிரிப்பில் அவரும் சிரித்துவிட்டார்.

வீட்டில் சகாயராஜ் ஆசையோடு, "எனக்கா?" என்று கையை நீட்டினார். வேட்டியைக் கொடுத்துவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கட்டட்டும். துண்டைத் தரவில்லை. கண்ணாடி முன்னால் நின்று தலையில் கட்டிப் பார்த்தேன். நாளைக்கு அதோடுதான் வேலைக்குப் போகிறேன்.