‘ரெஸ்ட் எடு’ என்றவனின் தாடை

கிழிந்த வலக்கையில் துண்டை இறுக்கிச் சுற்றிக்கொண்டு, தகடு அழுத்தும் பிரஸ் மெஷினின் ஆபரேட்டர் இடக்கையால் மனைவிக்கு அவசர அவசரமாகக் கிறுக்கினான். அவள் வருவதற்குள் கிளம்பியாக வேண்டும். தாளில் ரத்தம் சொட்டியது.

“குட்டிம்மா, சோறு வடிச்சாச்சு. சாவி மீட்டர் பெட்டி மேல இருக்கு. அப்பாவுக்கு லீவுன்னு பாப்பாகிட்ட சொல்லு. உண்மையில சீட்டைக் கிழிச்சுட்டாங்க.

ரெண்டு கையாலயும் பட்டனை அமுக்கினாத்தான் பிரஸ் இறங்கணும். வேகம் பத்தலைன்னு சூப்பர்வைசர் ஒரு பட்டனைக் கம்பியால கட்டி வச்சுட்டான். இன்னிக்குப் பக்கத்து மெஷின்காரனுக்கு நாலு விரலும் நசுங்கிப் போச்சு. துடிச்சுக்கிட்டு இருந்தவன்கிட்ட அந்த சூப்பர்வைசர், ‘வீட்ல ரெஸ்ட் எடு, அப்புறம் கூப்பிடுறோம்’னான். அவங்க கூப்பிட்டு எவன் திரும்பி வந்திருக்கான்? விட்டேன் ஒண்ணு, தாடை கழண்டுடுச்சு; அவன் பல்லு பட்டு என் கையும் கிழிஞ்சுடுச்சு. விழுந்தவனையும் விடலை, மிதிச்சேன்.

ஸ்டேஷனுக்கு நானே போறேன். நேத்து சண்டையில உன்னைப் பேசினதெல்லாம் தப்பு.”

வாசல் வரை போனவன் திரும்பி வந்து, தாளின் அடியில் நெருக்கி எழுதினான்.

“எந்த சூப்பர்வைசர்னு மேல எழுதக் கை வரலை. உன் அண்ணி அழுதுகிட்டு வருவாங்க, கதவைத் திற. நான் அடிச்சது உன் அண்ணனைத்தான்.”